டாக்டர் சொன்ன மூன்று வார்த்தைகள்

"குதிரை, சாவி, முருங்கைக்காய். மூணையும் ஞாபகம் வெச்சுக்குங்க, அப்புறமா கேப்பேன்" என்றார் டாக்டர்.

பூவராகன் தலையாட்டினான். அவன் குடியை விட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

"உங்க கையில என்னம்மா மாவுக்கட்டு?" என்று அவன் மனைவி சரளாவிடம் கேட்டார் டாக்டர்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் சார். இவரு கடைசியா குடிச்சாரே, அன்னிக்கு."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. பூவராகனிடம் தேதி, கிழமை எல்லாம் விசாரித்துவிட்டு, "அந்த மூணு வார்த்தை?" என்றார்.

பூவராகன் சரளாவைப் பார்த்தான். "குதிரை... மத்தது வரல சார்."

"குடியை நிறுத்தினப்புறம் மூளை தேற நாளாகும். போதையில நடந்தது சிலது திரும்பி வராமலே போகலாம்."

சரளாவின் முகம் தெளிந்தது.

தாம்பரத்திலிருந்து செம்பாக்கம் போகும் ஷேர் ஆட்டோவில் அவள் மெல்லச் சொன்னாள். "மறந்தது மறந்ததாவே இருக்கட்டுங்க. ஞாபகம் வந்து, மனசு கேக்காம திரும்பக் குடிக்கப் போயிட்டீங்கன்னா நான் என்ன பண்ணுவேன்?"

அவன் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டு, அவளுக்குக் கேட்காமல் முணுமுணுத்தான்.

"குதிரை, சாவி, முருங்கைக்காய்."

அவள் கையை அவன் முறுக்கியபோது எலும்பு முறிந்த சத்தமும் அப்படியே காதில் இருந்தது.