ஐந்தேகால் லட்சம்

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் காலை வெயில் மெல்ல ஏறுகிறது. சர்வதேச உறவுகளில் இளமாணி, முதுமாணிப் பட்டங்கள் இரண்டையும் ஒன்றாகப் படிக்கும் அஞ்சலின், நாளைய வகுப்புக்கு ஒத்திகை பார்க்கிறாள். அறுபத்துநாலில் இலங்கையும் இந்தியாவும் இந்திய வம்சாவளித் தோட்டத்து ஜனங்களைப் பங்குபோட்ட பேச்சுவார்த்தையை மாணவர்கள் நடித்துக் காட்ட வேண்டும். அவள் இலங்கைத் தரப்பு. விரலை நீட்டி, "ஐந்தேகால் லட்சம் பேர் உங்களுக்கு, மூன்று லட்சம் பேர் எங்களுக்கு!" என்று முழங்குகிறாள். குரல் கணீரென்று வந்ததில் அவளுக்கே பெருமை. உள்ளே ரொட்டிக்கு மா பிசையும் சத்தம் சட்டென்று நிற்கிறது. மா அப்பிய கைகளோடு, பேயறைந்த முகத்தோடு அம்மா மதலேனா வாசலுக்கு வருகிறாள். "எனக்கு ஏழு வயசுல, எங்கண்ணன இந்தியாவுக்குன்னு பதுள ஸ்டேசன்ல ரயிலேத்துனாங்க." அப்படியொரு மாமா இருந்ததே அஞ்சலினுக்குத் தெரியாது. நீட்டிய விரலை மடக்க மறந்து நிற்கிறாள். அம்மா கெஞ்சுகிறாள்: "இந்தத் தடவயாச்சும் அவர அந்த மூணு லட்சத்துல சேத்துரு புள்ள."