ஏழடி ராட்சசன்

"நேத்து கிள்ளான் ஆஸ்பத்திரி ஒண்ணுல, ஏழடி ராட்சசன் ஒருத்தன ஒரு கம்ப்யூட்டர் சூடா மைலோ கலந்து குடுத்தே மடக்கிருச்சு. என் ரெண்டு கண்ணால பாத்தேன் லா."

பழனியப்பன் இப்படிச் சொன்னதும் பிரிக்பீல்ட்ஸ் தோசைக் கடையில் யாரும் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அவர் வாய்க்குள் பூனை நுழைந்தால் யானையாகத்தான் வெளியே வரும்.

கடைக்காரி புஷ்பவல்லியின் கரண்டி மட்டும் கல்லின்மேல் நின்றுவிட்டது. அந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில்தான் அவள் மகள் ராஜினி தாதி.

போன வருஷம் நோயாளியோடு வந்த எவனோ வீசிய நாற்காலி ராஜினியின் மணிக்கட்டை முறித்தது. அதன்பிறகு அங்கே ஒரு ஏஐ கருவியைச் சோதனைக்கு வைத்தார்கள். யார் குரல் ஏறுகிறது, யார் விரல் இறுகுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்து, கை ஓங்குவதற்கு முன்பே தாதிகளின் கைப்பேசிக்குச் சொல்லிவிடும். சோதனை இன்று மாலையோடு முடிகிறது. கருவி அங்கேயே இருக்கவேண்டுமானால், அதனிடம் மாட்டிய ஒருவராவது தானாக முன்வந்து, 'என்னைத் தணித்தது' என்று எழுதித் தரவேண்டும். ஆஸ்பத்திரிக்காரர்கள் யாரையும் போய்க் கேட்கக்கூடாது. இதுவரை ஒருவரும் வரவில்லை. கருவியைக் கழற்றினால் வேலையை விட்டுவிடுவேன் என்று ராஜினி காலையில்தான் சொல்லிவிட்டுப் போனாள்.

"சும்மா கதைக்காதேயும்" என்றார் திருச்செல்வம். வீட்டில் உடம்புக்கு முடியாமல் படுத்திருக்கும் மனைவி உஷாராணிக்கு இட்லி கட்டச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார். நில அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் கோப்புகளைச் சிவப்பு மையால் திருத்தியவர். காதில் ஒரு தப்புக் கணக்கு விழுந்தால் அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்காது.

பழனியப்பன் அசரவில்லை. ராட்சசன் ஒரு கையால் நாற்காலியைத் தூக்கினான், கூரையில் காற்றாடி நின்றுபோனது, கிள்ளான் ஆற்றில் மீனெல்லாம் கரையேறியது என்று அடுக்கிக்கொண்டே போனார்.

"எப்படித் தூக்கிறது? நாலு நாற்காலியை ஒண்டாச் சேர்த்துத் தரையோட திருகாணி போட்டு முறுக்கி வச்சிருக்கு" என்றார் திருச்செல்வம்.

அப்படியா என்று தலையாட்டிய பழனியப்பன், பதினாலு காவலாளிகள் பாய்ந்து வந்ததைச் சொன்னார். கைப்பேசியைப் பார்த்தபடி வந்தது ஒரே ஒரு தாதி என்று திருத்தினார் திருச்செல்வம். வாளி நிறைய மைலோ என்றார் இவர். காகிதக் கோப்பை, அதிலும் பாதிதான் என்றார் அவர். புஷ்பவல்லி அடுப்பை அணைத்துவிட்டு, கரண்டியும் கையுமாக மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"குடிச்சிட்டு அந்த ராட்சசன் அழுதான் பாரு, தரையைத் துடைக்க மூணு பேரு வந்தாங்க."

திருச்செல்வத்தின் காது சிவந்தது. "அழேல்ல. கண் கலங்கினது, அவ்வளவுதான். கட்டின மனிசியை உள்ளே கொண்டுபோய் ரெண்டு மணித்தியாலம். இருக்கிறாளோ இல்லையோ எண்டுகூடத் தெரியாது. அந்தத் தாதிப் பிள்ளை பக்கத்தில வந்திருந்து, 'மூச்சு சீராயிட்டுது அங்கிள், இப்பதான் பாத்திட்டு வாறேன்' எண்டு சொன்னா ஆருக்கும் கண் கலங்கும். நீர் அங்கே இருக்கவே இல்லை, உமக்கென்ன தெரியும்?"

இப்போது கடையில் எல்லாத் தலையும் நிமிர்ந்தது. பழனியப்பன் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து, தே தாரிக் டீக் கோப்பைக்குப் பக்கத்தில் விரித்தார். பேனாவைத் திறந்து மேலே வைத்தார்.

"நான் இல்லதான், செல்வம். ஆனா உஷாராணி இருந்துச்சு. உள்ளே படுத்துக்கிட்டே உன் சத்தத்தக் கேட்டுச்சாம். காலையில என்னைக் கூப்பிட்டு எல்லாத்தையும் எழுதிக் குடுத்திருச்சு. உன் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. ஏழடின்னு மட்டும் நான் சேத்தேன் லா."

திருச்செல்வம் புஷ்பவல்லியை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பேனாவை எடுத்தார். முதலில் 'ஏழடி'யை அடித்து, மேலே 'ஐந்தடி நாலங்குலம்' என்று எழுதினார். பிறகு கையெழுத்துப் போட்டுத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நடந்தது உண்மைதான், பிள்ளை. உம்மட மகளிட்ட சொல்லும், அந்த ஆள் நான்தான்."