ட்யூப்லைட் ஓரத்து வேட்டை

கூடத்துச் சுவரில் ஒரு பல்லியும் அதன் பெண்டாட்டியும் குடியிருந்தன. இரண்டு நாளாய் அடித்த காற்றில் பூச்சிகள் எல்லாம் எங்கோ ஒதுங்கிவிட்டதால் இரண்டும் பட்டினி. விளக்கு வைக்கிற நேரத்தில், கொழுத்த அந்துப்பூச்சி ஒன்று தானாக வந்து ட்யூப்லைட் ஓரத்தில் உட்கார்ந்தது.

"சத்தம் மட்டும் போட்டுடாதீங்க," என்று கிசுகிசுத்துவிட்டு, பெண்பல்லி காலண்டருக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டது.

"எனக்கே சொல்லித் தர்றியா?" என்ற ஆண்பல்லி, வயிற்றைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நகர்ந்தது. பூச்சி சிறகை அசைத்தால் கல்லாய் நின்றது. அடங்கினால் மெல்ல ஊர்ந்தது. இன்னும் ஒரே எட்டுதான். எச்சில் ஊறிவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கீழே வீட்டுக்கார அம்மா புருஷனிடம், "நம்ம செண்பகத்துக்கு இந்தத் தையிலேயே கல்யாணம் கூடிவரும் பாருங்க," என்றாள்.

யாராவது ஒரு பேச்சு பேசினால் ஆமாம் போடாமல் ஆண்பல்லிக்கு இருப்புக் கொள்ளாது. பல்லைக் கடித்துப் பார்த்தது. மூச்சை அடக்கிப் பார்த்தது. முடியவில்லை.

"ச்சு ச்சு ச்சு!"

பூச்சி விருட்டென்று பறந்துபோனது.

"ஆகா, பல்லியே சொல்லிடுச்சு!" என்று அந்த அம்மா சுவரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஆண்பல்லிக்குப் பசியே மறந்துவிட்டது. வாலைத் தூக்கிக்கொண்டு காலண்டர் பக்கம் ஓடியது.

"பார்த்தியாடி? நான் ஒரு வார்த்தை சொல்லலேன்னா இந்த வீட்டுல எதுவும் நடக்குமா? பூச்சி கிடக்குது, இன்னிக்குப் போனா நாளைக்கு வரும். என்ன, நான் சொல்றது சரிதானே? வாயைத் திறந்து பேசேன்!"

பெண்பல்லி வாயைத் திறக்கவில்லை. அதன் வாய் ஓரத்தில் அந்துப்பூச்சியின் சிறகு இன்னும் படபடத்துக்கொண்டிருந்தது.