முந்நூறு பேரைத் தள்ளிய வேலை

அது வெள்ளிக்கிழமையா சனிக்கிழமையா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. கிடங்கு வேலை போய் ஏழு மாதமாகியிருந்த அண்ணன், தங்கையின் கம்ப்யூட்டருக்கு முன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது மட்டும் நிச்சயம்.

"ரெஸ்யூம்ல போட்டோ, கட்டம் எல்லாத்தையும் தூக்குண்ணே. மனுஷங்களுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்தான் படிக்குது. அதுக்கு இந்த விளம்பரத்துல இருக்கற வார்த்தைங்க வேணும்."

விளம்பரத்தைப் படித்த அண்ணன் நிமிர்ந்தான். "உன் கம்பெனியா? உனக்குக் கீழ நான் வேலை பார்க்கணுமா?"

"வேலை வேணுமா, வீம்பு வேணுமா?"

அவன் எழுந்து அவளுக்கு இடம் விட்டான். அவன் செய்த வேலைகளையே விளம்பரத்தின் சொற்களில் எழுதி அனுப்பினாள். மூன்றாம் நாள் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது.

அதிகாரி அவனை அரைமணி நேரம் குடைந்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "அப்பாடா. இப்ப இந்த வேலையில இருக்கறவங்களையே விளம்பரத்துக்குத் தகுதியெல்லாம் எழுதித் தரச் சொன்னோம். தான் செய்யறதை ஒண்ணு விடாம எழுதிட்டாங்க. கம்ப்யூட்டர் முந்நூறு பேரைத் தள்ளிடுச்சு. ஆள் கிடைக்காம, படிக்கப் போகணும்னு ராஜினாமா கொடுத்த அவங்களையும் அனுப்ப முடியல."

"யாரு சார் அவங்க?"

அவர் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கைகாட்டினார். தங்கை தன் மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

அண்ணன் இப்போது அந்த நாற்காலியில் இருக்கிறான். தங்கை மேற்படிப்புக்குப் போய்விட்டாள். அவள் எழுதிய தகுதிப் பட்டியலை அவன் முதல் வாரமே பாதியாக வெட்டிவிட்டான்.