மூலைக்கடை எண்ணெய்

“நீங்க கொள்ளை விலைக்கு விப்பீங்க, நான் நாலு கடை பார்த்து வாங்கினா குத்தமா?” என்று மளிகைக்காரரின் மனைவி கத்துகிறாள். கையில் மூலைக்கடை எண்ணெய். “ஊரே அங்க போகட்டும்டி, நீ போகலாமா? உன்னைப் பார்த்தப்புறம் எவன்டி இங்க வருவான்?” அவர் வீசும் எடைக்கல் அவள் காதை உரசிப் பறந்து கண்ணாடி ஜாடியை நொறுக்குகிறது, மிட்டாய்கள் தெருவரை உருள்கின்றன. அவள் தராசுத் தட்டைப் பிடுங்கி அவர் நெற்றியில் அறைகிறாள். ரத்தம் புருவத்தில் வழிந்து சர்க்கரை மூட்டையில் சொட்டுகிறது. மகள் அழுதுகொண்டே துணியை அழுத்திப் பிடிக்கிறாள். விலக்கிவிட வந்த நாங்கள், “அங்க எவ்வளவு கம்மி அக்கா?” என்று அவளையே கேட்டுக்கொண்டு ஒவ்வொருவராக மூலைக்கடைப் பக்கம் நழுவுகிறோம். அந்த வருடமே மகளை மூலைக்கடைக்காரர் மகனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். சம்பந்திகள் இருவரும் உட்கார்ந்து பேசி, இரண்டு கடையிலும் ஒரே விலை வைத்துவிட்டார்கள், பழைய கொள்ளை விலை.