நூறு வரைக்கும்

"மூணு ஸ்பூன் எடுத்துக் குடுன்னு கேக்கறதெல்லாம் ஒரு பாடமா, டீச்சர்? எங்க குட்டி நூறு வரைக்கும் சொல்லுவா!"

டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு எண் சொல்லித்தரும் வகுப்பு அது. மேசைமேல் கிடந்த ஸ்பூன்களைக் குப்பையைப் பார்ப்பதுபோல் பார்த்தார் குட்டியின் அப்பா.

ஏழு வயதுக் குட்டியோ, மூன்று கேட்டால் இரண்டு கையாலும் அள்ளிக் கொடுத்தாள்.

டீச்சருக்கு அவர்மேல் இளக்காரம் தாங்கவில்லை. பீற்றிக்கொள்வதற்கென்றே ஒரு கிளிப்பிள்ளையை வளர்த்து வைத்திருக்கிறார் மனுஷன்!

"நூறு சொல்றவளுக்கு மூணு தெரியலையே, சார்?"

"இந்த ஸ்பூனைப் பார்த்தா எனக்கே எண்ண வராது. வீட்டுக்கு யாராவது வரட்டும், ஒண்ணுகூடத் தப்பாம சொல்லுவா."

"ஓ, வர்றவங்க முன்னாடி நிக்க வெச்சுச் சொல்லச் சொல்வீங்களாக்கும்."

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வெளியே ஒரே கூச்சல். டீச்சர் எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

தாழ்ப்பாள் சத்தம் கேட்டதுதான் தாமதம், குட்டி ஸ்பூன்களை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். கதவில் நெற்றியை ஒட்டிவைத்துக்கொண்டு சன்னக் குரலில் ஆரம்பித்தாள்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

"குட்டி, போதும், வா" என்றார் அப்பா. குரலில் பழைய மிடுக்கு இல்லை.

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். குட்டி நிறுத்தவில்லை. ஓர் எண்கூடத் தவறாமல் நூறு வரை சொல்லி முடித்துவிட்டு, கதவை மெதுவாகத் தட்டினாள்.

"நூறு சொல்லிட்டேன்ப்பா. வந்தவங்க போயிட்டாங்களா? கதவைத் திறப்பா."