ராஜாக்கண்ணு எழுதிய கடிதம்

ஆலங்காயத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி மலை ஏறி வருவதற்குள் ஏழெட்டுப் பேர் ராஜாக்கண்ணுவிடம் சண்டையைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள்.

பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. விமானப்படை என்றாலே விமானம் ஓட்டுகிறவன் என்று நினைக்கிறார்கள். அவன் தரையில் நின்று இறக்கைக்கு அடியில் ஏவுகணை மாட்டுகிறவன். ஊரில் புரிய வேண்டுமென்றால் ராக்கெட். சண்டை நடந்த நாளெல்லாம் மாட்டினான், கழற்றினான், துடைத்தான், மறுபடி மாட்டினான். அவன் மாட்டியவற்றில் ஒன்றுகூடச் சுடப்படவில்லை. போனபடியே திரும்பி வந்தன.

வீட்டு வாசலில் பையை இறக்கினான். மனைவி கெங்கம்மாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவன் பார்க்காத மகள் பிறந்து ஒன்பது நாள்தான் இருந்தாள். குளிரில் போய்விட்டாள் என்று முகாமுக்குக் கடிதம் வந்தது. அவ்வளவுதான் எழுதியிருந்தது.

இரண்டு மாதமாக ஒரே கேள்வி அவனை அரித்துத் தின்றது. பிள்ளை பெற்ற வீட்டில் முப்பது நாள் கணப்பு நெருப்பு அணையக் கூடாது. மலையில் எவ்வளவு இல்லாதவன் வீட்டிலும் அணையாது. அப்புறம் ஏது குளிர்? யார் தூங்கித் தொலைத்தார்கள்? ரயிலில் வந்த மூன்று நாளும் ஒவ்வொரு முகமாக நினைத்து ஆத்திரப்பட்டான். இப்போது ஆத்திரப்படக்கூட உடம்பில் தெம்பு இல்லை.

கேட்க வாயெடுத்தான். அவள் முந்திக்கொண்டாள்.

முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காகிதத்தை நீட்டினாள். அவன் எழுதிய கடிதம். வாணியம்பாடியிலிருந்து ஆட்டுத்தோல் வாங்க வருகிற மஜீத் பாய்தான் அவளுக்குப் படித்துக் காட்டியவர்.

முகாம் பெயர் இருந்த இடத்தை அதிகாரிகள் மையால் அடித்திருந்தார்கள். மற்றதை விட்டுவைத்திருந்தார்கள். அதில் இப்படி இருந்தது:

இந்த ராக்கெட் சூட்டை மோப்பம் பிடித்துப் போகும். டார்ச் விளக்கைக் காட்டினால்கூட அதன் கண் விளக்குப் பக்கம் திரும்பும். எதிரியிடமும் இதே மாதிரி இருக்கிறது.

பெருமைக்கு எழுதியது. கேட்டு அவள் வாய் பிளக்கட்டுமே என்று எழுதியது.

"அன்னிக்கு ராத்திரி மலைக்கு மேல பிளேன் சத்தம் கேட்டுச்சுங்க. டார்ச்சுக்கே திரும்பும்னு நீங்க எழுதியிருந்தீங்களே, வூட்ல அவ்ளோ நெருப்பு இருந்துச்சு. நான்தான் தண்ணி ஊத்தி அணைச்சேன். விடியற வரைக்கும் மழை." கெங்கம்மாள் அவன் முகத்தையே பார்த்தாள். "அணைக்கலன்னா வந்திருக்கும் இல்ல?"

இதை அவள் மலையில் வேறு யாரிடமும் கேட்க முடியாது. இரண்டு மாதமாக அவன் வரட்டும் என்று காத்திருந்திருக்கிறாள்.

"வந்திருக்கும்," என்றான் ராஜாக்கண்ணு. "நீ அணைச்சதுதான் சரி."

அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.

ஆகாயத்தில் பறக்கிற இன்னொரு விமானத்தின் எஞ்சினைத் துரத்துவதற்கென்றே செய்த ராக்கெட் அது. சுட்டாலும் மூன்று நான்கு மைலோடு தீர்ந்துபோகும். சண்டை நடந்த இடத்திலிருந்து ஆயிரம் மைலுக்கு இந்தப் பக்கம், மலையில் ஒரு கூரைக்குக் கீழே எரிகிற நெருப்பைத் தேடி அது வராது.

அவன் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தான். கையெழுத்துக்குக் கீழே நான்கு விரற்கடை காகிதம் வெறுமையாக இருந்தது. அது ஊருக்கெல்லாம் வராது என்று ஒரு வரி எழுத அந்த இடம் போதும்.